மினி ஆஸி வாங்கப் போகிறீர்களா? குட்டியைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டியவை

முழங்கால் உயரம், ஒரு கண் நீலம், ஒரு கண் பழுப்பு, சாம்பலும் கறுப்பும் கலந்து தெளித்த மாதிரி ரோமம். வெளிநாட்டில் வாழும் நம் குடும்பங்களில், பூங்காவில் ஒருமுறை பார்த்துவிட்டால் பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்க விடமாட்டார்கள். சின்ன நாய்தானே, வீட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் என்று பெரியவர்களும் தலையாட்டிவிடுவார்கள். பல வீடுகளில் தப்பு தொடங்கும் இடம் இதுதான். மினியேச்சர் அமெரிக்கன் ஷெப்பர்டில் குறைத்தது உயரத்தை மட்டும். நாள் முழுக்க மாட்டையும் ஆட்டையும் ஓட்டிச் செல்லும் புத்தி அப்படியேதான் இருக்கிறது.

1960களின் கடைசியில் கலிபோர்னியாவில் சின்ன உருவத்து ஆஸ்திரேலியன் ஷெப்பர்டுகளைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யத் தொடங்கினார்கள். குதிரைப் போட்டிகளுக்கும் ரோடியோவுக்கும் ஊர் ஊராகப் போனவர்களுக்கு, வண்டியில் இடத்தை அடைக்காமல் கூடவே வரும் வேலை நாய் தேவைப்பட்டது. 1980இல் நேஷனல் ஸ்டாக் டாக் ரெஜிஸ்ட்ரியில் பதிவு கிடைத்தது. ஏ.கே.சி. எனப்படும் அமெரிக்கன் கென்னல் கிளப் 2015இல் தனி இனமாக, மந்தை நாய்கள் பிரிவில் சேர்த்துக்கொண்டது. ‘மினி ஆஸி’ என்ற பழைய பெயர்தான் இன்னும் எல்லார் வாயிலும். பெயரில் ஆஸ்திரேலியா இருந்தாலும் பெரிய ஆஸியும் அமெரிக்க மேற்கில் உருவான இனம்தான்.

நம் ஊர்க் கிடைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வித்தியாசம் புரிய வேண்டும். கீதாரியின் நாய் பெரும்பாலும் காவலுக்கு. ராத்திரி கிடையைச் சுற்றி வந்து குரைக்கும். ஆட்டை ஓட்டுவது கீதாரியின் வேலை. இந்த நாய் அப்படியில்லை. ஓட்டுவதே இதன் தொழில். அசைவதை முறைத்துப் பார்க்கும், பதுங்கும், சுற்றி வளைக்கும், விலகி ஓடுவதன் குதிகாலைக் கவ்வும். ஆடு இல்லாத வீட்டில் உங்கள் ஆறு வயதுப் பிள்ளைதான் ஆடு.

வீட்டுக்குள் இது எப்படித் தெரியும்

பிள்ளைகள் ஓடினால் பின்னாலேயே ஓடிக் குதிகாலைக் கவ்வும். இது கோபமில்லை; ஆனாலும் பல் பட்டால் வலிக்கும், தோல் கிழியலாம். சைக்கிள், ஸ்கேட்போர்டு, வீதியில் போகும் கார் எல்லாமே துரத்த வேண்டிய பொருள்கள். ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் பாட்டியின் சேலைக் கொசுவமும் தாத்தாவின் வேட்டி நுனியும் நடக்கும்போது ஆடுகின்றன அல்லவா, அதுவும் போதும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நடப்பவருக்குக் குறுக்கே வந்து திருப்பிவிடப் பார்ப்பது இந்த நாய்களின் வழக்கம். வயதானவர்கள் தடுக்கி விழுவது கடியைவிடப் பெரிய ஆபத்து. மாடிப்படியின் மேலும் கீழும் குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்புக் கதவு ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

அடித்து இதை நிறுத்த முடியாது. அடித்தால் எச்சரிக்கும் உறுமலை விட்டுவிட்டு நேராகக் கடிக்கப் பழகும் நாய்களும் உண்டு. துரத்த ஒன்றும் இல்லாமல் செய்வதுதான் வழி. நாய் குதிகாலை நோக்கி வந்தால் கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நில், கத்தாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அசைவு நின்றதும் நாயின் ஆர்வம் வடியும். அந்த நேரத்தில் பெரியவர் கூப்பிட்டு, வாயில் கவ்வ ஒரு பொம்மையைக் கொடுக்க வேண்டும். முதல் ஆறு மாதம், பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது நாய் லீஷில் அல்லது தடுப்புக்குப் பின்னால் இருக்கட்டும். ஒருமுறை துரத்தி மகிழ்ந்த நாய் மறுமுறை அதையே தேடும்.

வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது உடல் அசைவு வேண்டும். அதில் பாதியாவது வெறும் நடையாக இல்லாமல் ஓட்டம், பந்து, மேடு பள்ளம் என்று இருப்பது நல்லது. அதோடு 10 நிமிடப் பயிற்சி இரண்டு மூன்று தடவை. மூளைக்கு வேலை கொடுக்காமல் ஓடமட்டும் விட்டால், இன்னும் அதிகமாக ஓடக்கூடிய நாயைத்தான் உருவாக்குவீர்கள். வீட்டில் இருவரும் அலுவலகம் போய் ஒன்பது மணி நேரம் நாய் தனியே இருக்குமென்றால், பகலில் வந்து நடத்திச் செல்ல ஆள் வைக்க முடியாதென்றால், இந்த இனம் வேண்டாம். சோபாவைக் கிழிக்கும், ஜன்னலருகே நின்று தெருவைப் பார்த்தே குரைக்கும், வாலைத் துரத்தும். அது நாயின் குற்றமில்லை. நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை இருந்தால் குட்டியை விட, குழந்தைகளோடு பழகிய இரண்டு வயது நாயை மீட்பு அமைப்பிலிருந்து எடுப்பது மேல். அதன் குணம் தெரிந்துவிட்டிருக்கும்.

ஷெல்டியா, கார்கியா, மினி ஆஸியா

இதே உயரத்தில் வேறு இரண்டு மந்தை நாய்களும் கண்ணில் படும். ஷெட்லாந்து ஷீப்டாக், அதாவது ஷெல்டி, 13 முதல் 16 அங்குலம். மினி ஆஸியை விட மென்மையானது, அதட்டினால் சுருங்கிவிடும், சொன்னதைக் கேட்கும். ஆனால் குரைக்கும், நிறையவே குரைக்கும். சுவரொட்டிய அபார்ட்மெண்டில் இது சண்டையில் முடியும். பெம்ப்ரோக் வெல்ஷ் கார்கி மாடுகளை ஓட்டியது. 10 முதல் 12 அங்குலம்தான், ஆனால் 12, 13 கிலோ எடை. குட்டைக் காலும் நீண்ட முதுகும் தண்டுவட வட்டுக்குச் சுமை. எடை கூடவே விடக்கூடாது, சோபாவிலிருந்து குதிக்க விடக்கூடாது. தண்டுவடம் சிதைந்து பின்னங்கால்களைச் செயலிழக்கச் செய்யும் டிஜெனரேட்டிவ் மைலோபதி என்ற மரபு நோயும் கார்கிகளிடம் உண்டு. வீட்டில் ஓடக்கூடியவர் ஒருவராவது இருந்து, பயிற்சியில் உண்மையான ஆசையும் இருந்தால் மினி ஆஸி. அமைதியான வீடு, பொறுமையான காது என்றால் ஷெல்டி.

அளவும் நிறமும்: காசு பறிக்கும் இரண்டு ஆசைகள்

ஏ.கே.சி. தரப்படி தோள்மேட்டு உயரம் ஆணுக்கு 14 முதல் 18 அங்குலம், பெண்ணுக்கு 13 முதல் 17. எடை பொதுவாக 9 முதல் 18 கிலோ. அபார்ட்மெண்ட் ஒப்பந்தத்தில் எடை வரம்பு இருந்தால் குட்டியின் எடையைப் பார்க்காதீர்கள். தாய் தந்தை இருவரின் எடையையும் கேளுங்கள். ‘டாய்’, ‘டீகப்’ என்று 13 அங்குலத்துக்கும் கீழே விற்பவை இந்தத் தரத்துக்கு வெளியே. ஒவ்வொரு ஈற்றிலும் ஆகச் சிறியதோடு ஆகச் சிறியதைச் சேர்த்துக்கொண்டே போனால் முழங்கால் சில்லு நழுவுவது, குட்டியில் ரத்தச் சர்க்கரை இறங்குவது, உச்சி எலும்பு மூடாமல் போவது எல்லாம் வரும். அதற்கு அதிக விலையும் கேட்பார்கள். விட்டுவிடுங்கள்.

நிறம் நான்கு: கறுப்பு, சிவப்பு, நீல மெர்ல், சிவப்பு மெர்ல். மெர்ல் என்பது அடிநிறத்தை அங்கங்கே வெளிறச் செய்யும் ஒரு மரபணு. அதன் ஒரு பிரதி இருந்தால் அழகு. இரண்டு பிரதி வந்தால் பெரும்பாலும் வெள்ளையான குட்டி, பிறவிச் செவிடு, சிறுத்த கண், சில நேரம் முழுக் குருடு. மெர்ல் தாயையும் மெர்ல் தந்தையையும் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டி இப்படிப் பிறக்கும். இது தெரிந்தே செய்யப்படுகிற கொடுமை. இதைச் செய்யும் பிரீடரிடம், அதாவது நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவரிடம், வேறு எந்தக் குட்டியும் வாங்காதீர்கள். மெர்ல் வெளியே தெரியாமல் மறைந்திருக்கும் நாய்களும் உண்டு என்பதால் ஒன்று முழு நிறமாகத் தெரிந்தாலும் மெர்ல் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். நீலக் கண் மட்டும் நோயில்லை. அதற்காகப் பயப்பட வேண்டாம், அதற்காக அதிகம் கொடுக்கவும் வேண்டாம்.

குட்டை வாலும் இப்படித்தான். பிறவியிலேயே குட்டை வால் உள்ள இரண்டைச் சேர்த்தால் அந்த மரபணுவின் இரண்டு பிரதி பெறும் கருக்கள் பிறக்கும் முன்பே அழிந்துவிடும். ‘இரண்டு பக்கமும் குட்டை வால்’ என்று பெருமை பேசுகிற விளம்பரம் நல்ல அடையாளமில்லை.

எம்.டி.ஆர்.1: மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்

மூளைக்குள் மருந்து புகாமல் வெளியே தள்ளும் ஒரு புரதத்தை உருவாக்குவது எம்.டி.ஆர்.1 மரபணு. கோலி, ஆஸி வகை நாய்களில் இந்த மரபணு பழுதாகிக் கிடப்பதை 2001இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தார்கள். மினி ஆஸிகளில் சுமார் பாதிக்கு ஒரு பிரதியாவது பழுது. ஷெல்டிகளில் சுமார் 15 சதவிகிதம். பழுதான நாய்க்குச் சாதாரண அளவு மருந்தே மூளையில் தேங்கிவிடும். எச்சில் ஒழுகும், தள்ளாடும், கண்மணி விரியும், பார்வை போகும், வலிப்பு, பிறகு மயக்கம். தக்க நேரத்தில் தெரியாவிட்டால் சாவு.

முதல் குற்றவாளி ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து. இதயப்புழுத் தடுப்பு மாத்திரையில் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான் இருக்கிறது; அது பழுதான நாய்க்கும் பாதுகாப்பானது, பயந்து நிறுத்திவிடாதீர்கள். சொறிக்குக் கொடுப்பது கிலோவுக்கு 300 முதல் 600 மைக்ரோகிராம். அதுதான் கொல்லும். இந்தியாவில் உண்ணிக்கும் சொறிக்கும் ஐவர்மெக்டின் ஊசி போடுவது பரவலான பழக்கம் என்பதால், நாயோடு ஊர் திரும்பும் குடும்பங்கள் இதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பண்ணைப் பக்கம் போனால் வேறொரு வழியிலும் ஆபத்து வரும்: குடற்புழு மருந்து கொடுத்த குதிரையின் சாணத்தைத் தின்ற நாய்க்கும் விஷம் ஏறும். வயிற்றுப்போக்குக்கு வீட்டில் வைத்திருக்கும் லோபரமைடு மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. மயக்கத்துக்குப் பயன்படுத்தும் அசிபுரோமசின், பியூட்டார்பனால் இரண்டின் அளவையும் மருத்துவர் குறைக்க வேண்டும். வின்கிரிஸ்டின், டாக்சோரூபிசின் போன்ற புற்றுநோய் மருந்துகளும் அப்படியே.

சோதனை எளிது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவி அனுப்பினால் போதும். இரண்டு பிரதியும் நல்லது, ஒன்று பழுது, இரண்டும் பழுது என்று மூன்றில் ஒரு பதில் வரும். இரண்டும் பழுதானாலும் நாய் நன்றாக வாழும்; மருந்தில்தான் கவனம். ஆகவே அதற்காக ஒரு நல்ல குட்டியை ஒதுக்க வேண்டியதில்லை. பதில் தெரியாமல் இருப்பதுதான் தப்பு. முடிவை மருத்துவமனைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். கழுத்துப்பட்டை வில்லையிலும் பொறித்துவிடுங்கள்.

பிரீடரிடம் கேட்க வேண்டிய தாள்கள்

‘டாக்டர் பார்த்தார், நல்லாயிருக்கு’ என்பது சோதனை அல்ல. ஓ.எஃப்.ஏ. என்ற அமைப்பு 1966 முதல் நாய்களின் உடல்நலச் சோதனை முடிவுகளைப் பதிவு செய்கிறது. தாய், தந்தையின் பதிவுப் பெயரை வாங்கி அதன் இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். இடுப்பு மூட்டுக்கு இறுதிச் சான்று 24 மாதம் நிரம்பிய பிறகுதான் தருவார்கள். ஒன்றரை வயதுத் தாய்க்கு ‘இடுப்புச் சான்று இருக்கிறது’ என்றால் எந்தச் சான்று என்று கேளுங்கள். கண் பரிசோதனை விலங்குக் கண் நிபுணர் செய்திருக்க வேண்டும், அது 12 மாதத்துக்குத்தான் செல்லும், போன வருஷத்துத் தாள் பழைய தாள்.

மரபணுச் சோதனையில் பரம்பரைக் கண்புரை, விழித்திரை மெலியும் பி.ஆர்.ஏ., கண்ணின் பின்புறப் படலம் சரியாக உருவாகாத கோலி கண் நோய் மூன்றையும் பாருங்கள். பின்னிரண்டும் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் குட்டியைப் பாதிக்கும். கண்புரைக்குக் காரணமான மரபணுவோ ஒற்றைப் பிரதியிலேயே ஆபத்தைக் கூட்டும். அங்கே ‘நோயைக் கடத்தும் நாய் மட்டும்தான், ஒன்றும் ஆகாது’ என்ற சமாதானம் செல்லாது. கோலி கண் நோயை 6 முதல் 8 வார வயதில் குட்டியின் கண்ணிலேயே பார்த்துவிடலாம். பிறகு நிறமி படிந்து மறைத்துவிடுவதால், அந்த வயதில் சோதித்த தாள் இருந்தால் பிரீடர் தொழில் தெரிந்தவர் என்று அர்த்தம்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி அவசியம்: எந்த வயதில், எந்தக் காரணத்துக்காக நாயை வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும் பிரீடர் திரும்ப வாங்கிக்கொள்வார். இதை எழுதித் தர மறுப்பவர், பெற்றோரைக் காட்டாமல் வண்டி நிறுத்துமிடத்தில் குட்டியைக் கைமாற்றுபவர், எப்போது கேட்டாலும் ‘இப்பவே இருக்கு’ என்பவர் எல்லாருக்கும் ஒரே பதில், வேண்டாம். நல்லவர் உங்களைத்தான் அதிகம் கேள்வி கேட்பார்: வேலி இருக்கிறதா, பகலில் யார் இருப்பார்கள், பிள்ளைகளுக்கு எத்தனை வயது. தாய் நாயைத் தொட்டுப் பாருங்கள். குட்டிகளின் தாய் சற்று எச்சரிக்கையாக இருக்கலாம். ஆனால் சில நிமிடத்தில் தளர வேண்டும். மூலையில் நடுங்கும் அல்லது பல்லைக் காட்டும் தாயின் குட்டியில் அந்தக் குணம் வர வாய்ப்பு அதிகம். மினி ஆஸியில் பயந்த சுபாவம்தான் பிற்காலக் கடிக்குப் பெரிய வேர்.

குட்டியைத் தேர்வது

ஏழு வாரம் ஆனதும் போய்ப் பாருங்கள். எட்டு வாரத்துக்கு முன் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். முதலில் ஓடிவந்து மடியில் ஏறுவது ‘நம்மைத் தேர்ந்தெடுத்த’ குட்டி என்று மயங்காதீர்கள். பெரும்பாலும் அதுதான் ஈற்றிலேயே வேகமான, பிடிவாதமான குட்டி. நடுவில் இருப்பதே குடும்பத்துக்கு ஏற்றது.

இரண்டு மீட்டர் தள்ளி ஒரு சாவிக்கொத்தைக் கீழே போடுங்கள். திடுக்கிடுவதில் தவறில்லை. சில நொடியில் மீண்டு வந்து மோப்பம் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஒளிந்துகொண்டு வெளியே வராத குட்டி கவலைக்குரியது. காகிதப் பந்தை உருட்டிவிட்டால் துரத்துகிறதா, எடுத்துக்கொண்டு உங்களிடம் வருகிறதா? வருவது பயிற்சிக்கு வசதி. ஒரு துணியை மெதுவாகத் தரையில் இழுங்கள். அதில் தொங்கி உறுமிக்கொண்டு விடவே மாட்டேன் என்கிற குட்டியைச் சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு எடுக்காதீர்கள். பின்பக்கம் நின்று, குட்டி உங்களைப் பார்க்காதபோது மெல்ல விசில் அடியுங்கள். தலையில் வெள்ளை அதிகமுள்ள குட்டியென்றால் இந்த விசில் போதாது. காதுக்குள் ஒலி எழுப்பி மூளையின் பதிலை அளக்கும் பேயர் சோதனை செய்த அறிக்கையைக் கேளுங்கள்.

இதெல்லாம் ஒரு நாள் நிலவரம்தான். தூக்கக் கலக்கத்தில் எந்தக் குட்டியும் சாதுவாகத் தெரியும். எட்டு வாரமும் கூடவே இருந்த பிரீடரின் கணிப்புக்கு உங்கள் அரை மணி நேரத்தை விட மதிப்பு அதிகம். ‘எங்களுக்கு எது பொருந்தும்’ என்று அவரையே கேளுங்கள்.

வந்த பிறகு

மூன்று வாரம் முதல் சுமார் பதினான்கு வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பயமின்றி ஏற்றுக்கொள்ளும் காலம். உங்கள் கைக்கு வரும்போது பாதி போய்விட்டது. தடுப்பூசித் தொடர் 16 வாரம் வரை நீளும். அதுவரை வீட்டுக்குள்ளேயே அடைத்துவைத்தால் பயந்த நாய்தான் கிடைக்கும். தெருநாய் அல்லது தெரியாத நாய்கள் புழங்கும் தரையில் விடாமல், கையில் தூக்கிக்கொண்டு போங்கள்: பள்ளி விடும் நேரம், பேருந்து நிறுத்தம், தாடி வைத்தவர், குடை பிடித்தவர், சக்கர நாற்காலி. ஒவ்வொன்றையும் தூரத்திலிருந்து காட்டி, வாயில் ஒரு துண்டு தீனி. ஒரு வயது வரை உயரத்திலிருந்து குதிப்பது, தார்ச்சாலையில் நீண்ட ஓட்டம் இரண்டும் வேண்டாம். எலும்பின் வளர்முனைகள் இன்னும் மூடியிருக்காது.

ரோமம் இரட்டை அடுக்கு. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஸ்லிக்கர் பிரஷ்ஷால் தோல் வரை கோதி, பிறகு சீப்பால் சரிபாருங்கள். மேலாகத் தடவினால் பளபளக்கும், அடியில் சிக்கு இறுகிக்கொண்டிருக்கும். காதின் பின்புறம், அக்குள், தொடைப் பின்ரோமம் மூன்று இடத்திலும்தான் முதலில் முடிச்சு விழும். வருஷத்தில் இரண்டு பருவம் அடிரோமம் கொட்டும். அப்போது தினமும் கோத வேண்டும். வெயிலுக்கு மொட்டையடிக்காதீர்கள். வெயில் தோலில் நேராகப் படும், திரும்ப வளரும் ரோமமும் ஒழுங்காக வராது.

உணவு நாய்க்கான முழுமையான உலர் தீனியாக இருக்கட்டும். கருத்தடை செய்த 12 கிலோ நாய்க்கு நாளைக்கு 700 கலோரியைச் சுற்றி வரும். பயிற்சிக்குக் கொடுக்கும் துண்டுகளும் அந்தக் கணக்கில் சேரும். ரோமம் மறைப்பதால் கண்ணால் எடை தெரியாது. விலாவைத் தடவிப் பாருங்கள்: அழுத்தாமல் எலும்பு எண்ண முடிய வேண்டும். நம் சமையலறையில் ஆபத்து மேசை விளிம்பிலேயே இருக்கிறது. சாம்பார் சாதத்தில் வெங்காயமும் ரசத்தில் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும், அறிகுறி சில நாள் கழித்துத்தான் தெரியும். கேசரி, பாயசத்தின் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரையில்லாத மிட்டாய், சூயிங்கத்திலுள்ள சைலிடால் ரத்தச் சர்க்கரையைச் சரேலென இறக்கும். தாத்தா பாட்டி பாசத்தில் ஒரு வாய் ஊட்டுவார்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வெளிநாட்டில் வாழும் குடும்பத்துக்கு ஒரு கேள்வி கடைசியில்தான் நினைவுக்கு வரும்: டிசம்பரில் ஊருக்குப் போகும்போது நாய் எங்கே? நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் போர்டிங்கில் நேரடியாக நான்கு வாரம் விட்டால் இந்த இனம் சாப்பாட்டை நிறுத்தும், கூண்டுக் கம்பியைக் கடித்துப் பல்லை உடைக்கும். ஆறேழு மாத வயதிலிருந்தே பழக்குங்கள். முதலில் அரை நாள், பிறகு ஒரு ராத்திரி, பிறகு வார இறுதி, எப்போதும் ஒரே இடத்தில், ஒரே ஆளிடம். பெரும்பாலான இடங்களில் ரேபிஸோடு கென்னல் இருமலுக்கான போர்டெடெல்லா தடுப்பூசியும் கேட்பார்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளாமல் இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். விட்டுவிட்டு வரும்போது தீனி, வழக்கமான போர்வை, மருத்துவரின் எண், அதோடு எம்.டி.ஆர்.1 முடிவின் நகல் ஒன்று. ராத்திரி வயிற்றுப்போக்கு வந்தால் அங்கே இருப்பவர் கை முதலில் போவது லோபரமைடுக்குத்தான்.